கொழும்பு பார்க்கப் போகிறவர்களுக்கு

வட பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பது மாணவர்களுடன் இரண்டு நாட் சுற்றுலாவாகக் கொழும்புக்குச் சென்றிருந்தோம். இரவு முழுவதும் பயணம் செய்து, விடியும் வேளையிலே கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், கோட்டை எங்கே?"

உடன் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால், சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று அது. நிலையத்தின் பெயர் கோட்டை; அப்பால் உள்ள வட்டாரத்தின் பெயரும் கோட்டை; மதிலோ கொத்தளமோ எங்கும் கண்ணிற் படவில்லை. அந்தக் கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டே இரண்டு நாட்களும் நகரைப் பார்த்தோம். பார்த்தவற்றையும், அவை எம்மைச் சிந்திக்கத் தூண்டியவற்றையும், இனிக் கொழும்பு பார்க்கப் போகும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன்.

1518ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இங்கு முதன்முதலாக ஒரு கோட்டையை எழுப்பினர். 1656இல் நீண்ட முற்றுகையின் பின் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றித் தமக்கு வேண்டியவாறு திருத்திக் கட்டினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1815இல் கண்டி இராச்சியமும் வீழ்ந்தபின், முழு இலங்கைக்கும் கொழும்பே தலைநகராயிற்று. அதன் பின்னர் உள்நாட்டிலிருந்து படையெடுத்து வரக்கூடிய பகைவர் எவரும் இல்லை. 1869இல் மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். மதிலை நம்பியிருந்த ஆட்சிக்கு இப்போது சட்டமும் வரியும் வர்த்தகமுமே மதிலாகிவிட்டன. கற்சுவர் வண்டிகளுக்கும் பண்டசாலைகளுக்கும் இடைஞ்சலாகத் தோன்றியது. மாணவனுக்கு இதனையே விடையாகச் சொன்னோம்.

வழிகாட்டி நூல்கள் கட்டடத்தின் உயரத்தைச் சொல்லும். திறந்துவைத்த தேசாதிபதியின் பெயரைச் சொல்லும். கோட்டைக்குள் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை 1867 முதல் 1952 வரை வெளிச்சவீடாகவும் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும். இவை பிழையான செய்திகள் அல்ல. ஆனால், இவற்றோடு நின்றுவிட்டால் ஆட்சியாளரின் பெயர்ப்பட்டியலைப் படித்தவர்களாவோமே தவிர, நகரத்தைப் பார்த்தவர்களாக மாட்டோம். ஆகவே ஒவ்வோரிடத்திலும் மூன்று வினாக்களைக் கேட்பதென முடிவுசெய்தோம். இது யாருடைய தேவைக்காகக் கட்டப்பட்டது? யாருடைய கைகள் கட்டின? கட்டிய கைகளுக்கு இந்நகரிலே பங்கு கிடைத்ததா?

சட்டப்படி இன்றைய தலைநகர் கோட்டே அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட அந்தப் பழைய தலைநகருக்கு 1982இல் பாராளுமன்றம் இடம் மாறியது. ஆயினும் வங்கியும் துறைமுகமும் சந்தையும் கொழும்பிலேயே இருக்கின்றன. நாட்டின் செல்வம் வந்து சேரும் இடத்தையே மக்கள் தலைநகரென்று எண்ணுகிறார்கள்.

முதலில் துறைமுகப் பக்கம் சென்றோம். இன்று ஆசியாவின் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கும் இது, இயற்கையாக அமைந்த துறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பெரிய கப்பல்கள் காலியிலேயே தங்கின. கொழும்புக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்தது. 1867இல் புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் விளைபொருளை விரைவிலே கப்பலேற்ற வேண்டிய அவசியம் தோட்ட முதலாளிமாருக்கு உண்டாயிற்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, தென்மேற்கு அலைதாங்கி பத்து ஆண்டுகளிற் கட்டி முடிக்கப்பட்டது.

அடிக்கல் நாட்டிய இளவரசரின் பெயரை நூல்கள் தவறாமல் சொல்லுகின்றன. அந்தக் கல் எங்கிருந்து வந்தது? மகரையில் உள்ள கற்குழியிலே சிறைக்கைதிகள் உடைத்த கல் அது. கைதிகளைக் கற்குழிக்கு அருகிலேயே வைத்திருப்பதற்காக அங்கு ஒரு சிறைச்சாலையையும் நிறுவினார்கள். அலைதாங்கி எழுந்த பின்னர் கப்பல்களுக்கு நிலக்கரி சுமக்கவும் தேயிலைப் பெட்டிகளை ஏற்றவும் தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1927இல் இத்துறைமுகத் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலே வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் தோளோடு தோள் நின்ற போராட்டம் அது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் சொன்னேன். மறுநாள் வெள்ளவத்தையில் இதனை மீண்டும் எடுக்கவேண்டி வந்தது.

துறைமுகத்தை அடுத்துள்ளது புறக்கோட்டை. கோட்டைக்கு வெளியே இருந்ததால் புறக்கோட்டை; ஆங்கிலத்தில் அது 'பெட்டா' என்று வழங்குகிறது. அச்சொல்லும் எமது 'பேட்டை' திரிந்து உண்டானதே. ஒடுங்கிய தெருக்களினூடே கைவண்டியைத் தள்ளிக்கொண்டு, "வழி, வழி" என்று கூவி வந்தார் நாட்டாமி ஒருவர். நாற்பது ஐம்பது வருடங்களாக மூட்டை சுமந்து வளைந்த முதுகு. மலையகத் தோட்டங்களிலிருந்தும் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களே நாட்டாமிகளிற் பலர். இவர்கள் ஒரு நாள் கைவண்டியைத் தொடாது நின்றால், நாடு முழுவதிலுமுள்ள கடைகளுக்குப் பருப்பும் சீனியும் போய்ச் சேரமாட்டா. எங்கள் மாணவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களுள் ஒருவனின் பாட்டனார் இத்தெருக்களில் ஒன்றிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவராம். அந்தக் கடை எங்கே இருந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை, வீட்டாரிடம் கேட்டதுமில்லை.

செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோவில்களையும் கடந்து கொச்சிக்கடைக்குச் சென்றோம். பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கற் தூண்கள் நிழல் விரித்து நின்றன. 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்த கோவிலை, அவர் மைந்தர் சேர். பொன். இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்னிந்தியச் சிற்பிகளைக் கொண்டு கல்லாற் கட்டுவித்தார். சற்றுத் தூரத்தில் புனித அந்தோனியார் தேவாலயம். சகல மதத்தினரும் நேர்த்தி வைத்து வரும் அவ்விடத்திலே 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்தது. அன்று அங்கு மாண்டவர்களிற் பலர் உழைத்துண்ணும் எளிய மக்கள். மாணவர்கள் சிறிது நேரம் மௌனமாக நின்றார்கள். அங்கு நாம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பிற்பகலிற் சென்ற இடம் கொம்பனித்தெரு. ஓரிடத்தின் பெயரே வரலாறாக இருப்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் கொழும்பில் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் அது ஒல்லாந்தக் கொம்பனியின் பெயரைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்கிய பெயரின் பொருளோ 'அடிமைத்தீவு' என்பது. கிழக்கு ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியத் துறைகளிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகளை ஒல்லாந்தர் பகலிற் கோட்டைக்குள்ளே வேலை வாங்கினர். இரவில் ஏரி சூழ்ந்த இந்நிலத்திலே அடைத்துவைத்தனர். அவர்கள் தப்பாதிருக்க ஏரியில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்ற கதையும் வழங்குகிறது. கோட்டையின் மதிலை எழுப்பிய கைகளில் இவர்களுடைய கைகளும் இருந்தன.

இதனைக் கேட்ட மாணவி ஒருத்தி, "ஒல்லாந்தர் எவ்வளவு கொடியவர்கள்!" என்றாள். உண்மைதான். ஆனால் அத்துடன் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 1707இல் அதே ஒல்லாந்தர் எமது தேசவழமையைத் தொகுத்தபோது, யாழ்ப்பாணத்தார் அடிமைகளை வைத்திருந்த முறையும் அதிற் சட்டமாகப் பதியப்பட்டது. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப்பெயர் சொல்லியே மனிதரை உடைமையாக எழுதிய ஏடு அது. இலங்கையிலே அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். கோவிற் கதவும் தேநீர்க்கடையும் எல்லோருக்கும் திறப்பதற்கு, அதற்கப்பால் நூறு வருடங்களுக்கு மேல் சென்று, 1960களில் மக்கள் இரத்தம் சிந்திப் போராட வேண்டியிருந்தது. அடிமைத்தீவைப் பார்க்கக் கொழும்புக்கு வந்த நாம், அதன் ஒரு துண்டு எமது ஊரிலும் இருந்தது என்பதை அறிந்துகொண்டோம்.

கொம்பனித்தெருவிலே அடிமைகளின் பின் மலாய்ப் படைவீரரும், முஸ்லிம், சிங்கள, தமிழ் ஏழை மக்களும் ஒரே முடுக்குகளிற் குடியிருந்தனர். அந்த முடுக்குகளிற் பல இன்று இல்லை. 2010இன் பின்னர் நகரை அழகுபடுத்துவதற்கென்று வீடுகள் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் வானளாவிய மாடங்கள் எழுந்தன. இடம்பெயர்க்கப்பட்டோர் நகரின் வட பகுதியிலுள்ள தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். அழகு யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வி அங்கு தானாகவே எழுந்தது.

மாலையிலே காலிமுகத்திடலில் அமர்ந்தோம். மாணவர்கள் இறால் வடை வாங்கிக் கடித்துக்கொண்டே கடலைப் பார்த்தார்கள். தேசாதிபதி சேர். ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்த உலாவீதி இது. கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படுமாறு பேணவேண்டும் என்று பின்வரும் தேசாதிபதிகளை வேண்டும் கல்வெட்டொன்றும் அங்கு உண்டு. ஆனால், இத்திடலின் பிற்காலக் கதை அக்கல்வெட்டுக்கு அடங்கவில்லை.

திடலின் வட கோடியிலே தூண்கள் நிறைந்த கட்டடம் ஒன்று தெரிகிறது. 1930இல் திறக்கப்பட்டு, 1982 வரை நாட்டின் சட்டமன்றமாக இருந்தது அது. 1931இல் ஆணும் பெண்ணும் செல்வனும் வறியவனும் வாக்களித்துத் தெரிவுசெய்த அரசாங்க சபை அங்கேதான் கூடியது. பின்னர் 1953இல் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று நாட்டு மக்கள் ஹர்த்தால் செய்தார்கள். மந்திரிசபையோ தரையிற் கூடத் துணியாது, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. சில வாரங்களின் பின் பிரதம மந்திரி பதவி விலகினார். உழைப்போர் ஒன்றுபட்டால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று.

மூன்றே வருடங்களின் பின், 1956 ஜூன் 5ஆம் நாள், தனிச் சிங்கள மசோதா அக்கட்டடத்துள் எடுக்கப்பட்டபோது, இதே புல்வெளியிலே சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் குண்டர்களால் அடித்து நொறுக்கப்பட்டனர். 2022 ஏப்ரலில் பசியும் இருளும் எரிபொருள் வரிசையும் தாங்கமாட்டாத இளைஞர்கள் இத்திடலிலே கூடாரமடித்து அமர்ந்தார்கள்; ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அவ்வருடம் மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்கு இங்கே, இத்திடலிலே, சிங்கள இளைஞரும் கூடி விளக்கேற்றினர். ஒரே புல்வெளி, ஒன்றுபட்ட நாளையும் கண்டது, அடிபட்ட நாளையும் கண்டது. எந்த நாள் மீண்டும் வரவேண்டுமென்பது புல்வெளியின் கையில் இல்லை.

இரண்டாம் நாள் கறுவாத்தோட்டத்தில் தொடங்கியது. இன்று செல்வந்தரும் தூதரகங்களும் வாழும் இப்பகுதி, ஒல்லாந்தர் 1769 அளவில் கறுவாவைத் தோட்டப் பயிராக நட்ட இடங்களுள் ஒன்று. அதற்கு முன் காட்டுக் கறுவாவே உரிக்கப்பட்டது. உரிப்பது ஒரு சாதியாரின் கட்டாய ஊழியம். கறுவா மரத்துக்குச் சேதம் விளைவித்தவனுக்கு மரண தண்டனையும் உண்டு.

இங்கேதான் நூதனசாலை இருக்கிறது. 1877இல் திறக்கப்பட்ட இதன் வரலாற்றிலே தேசாதிபதி கிரகரியின் பெயர் முதன்மையாக நிற்கிறது. முன்றிலிலே அவருக்குச் சிலையும் உண்டு. கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். தமக்குப் பரிசு வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடினாற் போதும் என்று அவர் கேட்டாரென ஒரு கதை சொல்லுவார்கள். உள்ளே, 1815இல் ஆங்கிலேயர் எடுத்துச் சென்று 1934இல் திருப்பித் தந்த கண்டி அரசனின் சிம்மாசனத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நாங்கள் நெடுநேரம் நின்றது வேறொரு கல்லின் முன்னால். 1409ஆம் ஆண்டு எனத் திகதியிட்ட அக்கல்வெட்டைச் சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்தார். சீனமொழியிற் புத்தரையும், தமிழில் தேனாவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றி, மூவர்க்கும் காணிக்கை கூறுகிறது அது. 1911இல் காலியிலே வடிகால் ஒன்றுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தபோது இதனைக் கண்டெடுத்தார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன் இக்கரைக்கு வந்த அந்நியன் ஒருவனுக்கு, இத்தீவிற் பேசவேண்டுமாயின் ஒரு மொழி போதாது என்பது தெரிந்திருந்தது!

நகர மண்டபத்தின் வெள்ளைக் கூம்பைப் பார்த்தபோது, மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளரைப் பற்றிப் பேசினோம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சபை உருவாயிற்று. நகரைச் சுத்தம் செய்யத் தமிழகத்திலிருந்து அருந்ததிய மக்கள் வரவழைக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கொழும்பின் அழுக்கைச் சுமந்தவர்களுக்குக் கொழும்பு தந்தது ஓர் ஒற்றை அறை லயமும் ஓர் இழிபெயரும்.

அடுத்தது சுதந்திர மண்டபம். 1815இல் கண்டிப் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் கண்டியில் உள்ள மகுல் மடுவத்திலே வாசிக்கப்பட்டது. அந்த மண்டபத்தின் சாயலிலேயே இம்மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். 1948 பெப்ரவரியிற் சுதந்திரம். அதே வருடத்திற் பிரசாவுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் வாக்களித்த மலையகத் தொழிலாளி, 1952 தேர்தலில் வாக்கில்லாதவனானான். இந்நகரின் துறைமுகத்தையும் வங்கிகளையும் செழிக்க வைத்த தேயிலையைப் பறித்தவர்கள், இந்நாட்டினர் அல்லர் என்று ஆக்கப்பட்டனர். வடக்கின் தலைவர்களுட் சிலர் அந்த அரசில் மந்திரி பதவி ஏற்றதையும் மறைக்கக் கூடாது. நாடற்றவராக எஞ்சியிருந்தோர் பிரசைகளாவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை, றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபம். 1972 மே 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு அங்கேதான் பிரகடனம் செய்யப்பட்டது. அதனை வெளியிலிருந்து காட்டிவிட்டு, கடைசியாக வெள்ளவத்தைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். இரண்டு இடங்களையும் இணைக்கும் கதை ஒன்று உண்டு.

வெள்ளவத்தையில் ஒரு பெரிய நூல் நூற்பு, நெசவு ஆலை இருந்தது. அது நின்ற நிலத்திலே இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1933இல் அந்த ஆலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் மலையாளிகளும் பிற இந்தியத் தொழிலாளரும். 1927இல் துறைமுகத்திலே எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த அதே குணசிங்க, இம்முறை அவர்களுக்கு எதிராக நின்றார். சில காலத்தில் மலையாளிகளை விரட்டும் பிரசாரத்திலும் இறங்கினார். தொழிலாளர் பக்கம் நின்று சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இளைஞரான கொல்வின் ஆர். டி சில்வா. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1956இல் அவரது கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்தே வாக்களித்தன.

அதே கொல்வின் ஆர். டி சில்வாவே 1972இன் அரசியலமைப்பை அமைச்சராக இருந்து ஆக்கியவர். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பதும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதும் அதில் இடம்பெற்றன. இதனைச் சொல்லும்போது எமது குரல் தாழ்ந்தது. முதலாளித்துவக் கட்சிகளின் துரோகத்தைச் சொல்லுவது எமக்கு எளிது. எமது வீட்டுக் கதையைச் சொல்லுவது கடினம். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், மற்றக் கதைகளையும் சொல்லும் தகுதி எமக்கு இல்லாது போகும். பாராளுமன்ற ஆசனங்களின் கணக்கு முன்னால் வந்தபோது, ஆலை வாசலிற் கற்ற பாடம் பின்னால் தள்ளப்பட்டது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீடுகள் எரிந்தபோதும், வெலிக்கடைச் சிறையில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோதும், ஒன்றாக எழுந்து தடுக்கும் வல்லமையுள்ள ஒரு தொழிலாளர் இயக்கம் கொழும்பிலே எஞ்சியிருக்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? புகையிரத நிலையத்துக்குத் திரும்பும் வழியிலே மாணவர்களுக்கு இன்னுமொரு பெயரைச் சொன்னேன். 1947 ஜூன் 5ஆம் நாள், பொது வேலைநிறுத்தத்தின் போது, கொலன்னாவைப் பக்கத்திலிருந்து வந்த ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டனர். மாண்டவர் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தோழர்கள் நிறைந்த ஊர்வலத்திலே நடந்து வந்த தமிழர் அவர். அவரது இரத்தம் விழுந்த பாதையை எந்தச் சுற்றுலா வரைபடமும் காட்டுவதில்லை. நகரத் தொழிற்சங்கங்கள் அவரை மறக்கவில்லை.

கொழும்பு பார்க்கப் போகும் ஆசிரியர்களே! காலிமுகத்திடலையும் நூதனசாலையையும் கட்டாயம் காட்டுங்கள். பிள்ளைகள் கடற்கரையில் ஓடி விளையாடவும் விடுங்கள். ஆனால் புறப்படுவதற்கு முன், கொழும்பில் உழைத்த ஊர்ப் பெரியவர்களை அவர்கள் தேடிப்போய்ப் பேசட்டும்: எழுதுவினைஞராக இருந்தவர்கள், கடைச் சிப்பந்திகளாக இருந்தவர்கள், 1958இலும் 1983இலும் கப்பலேறி ஊர் திரும்பியவர்கள். அவர்கள் சொல்லும் தெருப்பெயர்களைக் குறித்துக்கொண்டு போய் அத்தெருக்களிலே நடக்கட்டும். தலைநகரை விருந்தாளியைப் போல அண்ணாந்து பார்த்துவிட்டு வருவதற்கு நாம் அங்கே போகவில்லை. அதனைக் கட்டியவர்களில் எமது மக்களும் இருக்கிறார்கள். அதனைக் கட்டியவர்கள் எல்லோரும் எமது மக்களே.

சுருட்டுக்கடைக்காரரின் பேரன் ஊருக்கு வந்த மறுநாளே பாட்டியாரிடம் கேட்டுவிட்டான். கடை ஐந்தாம் குறுக்குத் தெருவில் இருந்ததாம். அடுத்த முறை அங்கே போகவேண்டும் என்று என்னிடம் வந்து சொன்னான்.